உப்புக்காரி பேசாத வசனம்

காசில்தா: மறுபடியும் முதல்ல இருந்தா, இன்ஸ்பெக்டர் ஐயா? அலமாரியைத் திறந்து பாத்தாச்சு, பரணைக் குடைஞ்சாச்சு... இனி என் பாவாடைக்குள்ளயும் தேடணுமா?

உர்பீனா: கோவப்படாதீங்கம்மா. இந்த வெயில்ல மாட்ரிட் பூரா வீடு வீடா ஏறி இறங்கிட்டு வர்றேன். கொஞ்சம் உக்காரலாமா?

காசில்தா: உக்காருங்க. மேடை நாற்காலி, ஒரு கால் ஆடும்... சாயங்காலம் நாடகம். மத்தவங்க சாப்பிட்டுத் தூங்கப் போயிட்டாங்க, என் பாகத்தோட ஒத்திகையை நான் இன்னும் முடிக்கல.

உர்பீனா: முடிங்க. நான் வேடிக்கை பாக்கறேன். உங்க நாடகம் எல்லாத்தையும் டிக்கெட் வாங்கியே பாத்தவன்.

காசில்தா: ஃப்ரொய்லான்! தூங்கிட்டியா? எங்க விட்டோம், எடுத்துக் குடு.

ஃப்ரொய்லான்: "கதவைச் சாத்துங்கள் மாமா, என் கணவர் வருகிறார்."

உர்பீனா: யாரு அது... மேடைக்கு அடியில?

காசில்தா: வசனம் எடுத்துக் குடுக்கற கிழவர். அந்தப் பெட்டிக்குள்ள இறங்கினா நாடகம் முடிஞ்சுதான் ஏறுவார். முட்டி வலி.

உர்பீனா: போன தடவை வந்தப்ப அவர் குரல் இவ்வளவு கணீர்னு இல்லையே.

காசில்தா: வசனம் எடுத்துக் குடுக்கறவர் குரல் உங்க சீட்டு வரைக்கும் கேட்டுச்சா? அப்ப அன்னைக்கு நாங்க நடிச்ச லட்சணம்...

உர்பீனா: ஹஹ... சரி, நான் தேடற தோன் லியாந்த்ரோ விஷயத்துக்கு வருவோம்.

காசில்தா: என்ன வர்றது? நாடகம் எழுதினான். பத்திரிகை நடத்தினான். தேர்தல்ல நின்னு சபைக்கும் போனான். ஒண்ணோட நின்னிருந்தா உங்களுக்கு இந்த அலைச்சல் இல்ல.

உர்பீனா: சபையில பேசினதோட விட்டிருக்கலாம். பீரங்கிப் படை கலகம் பண்ணின அன்னைக்கு, தெருவுல போட்ட தடுப்பு மேல ஏறி நின்னு பேசினாரு பாருங்க... ராணுவ கோர்ட் மரண தண்டனை போட்டாச்சு.

காசில்தா: நல்லா வேணும்.

உர்பீனா: கழுத்துல இரும்பு வளையத்தை மாட்டித் திருகுவாங்கம்மா. ஒளிச்சு வெச்சவங்களுக்கு ஜெயில்.

காசில்தா: என்னை ஏன் பாக்கறீங்க? என் குரல் துருப்பிடிச்ச கீல் மாதிரி இருக்குன்னு தன் பத்திரிகையில எழுதினவன் அவன். அவனுக்கு நான் ஒரு துண்டு ரொட்டி போடுவேனா?

ஃப்ரொய்லான்: க்ஹும்... க்ஹும்...

காசில்தா: இருமாதே ஃப்ரொய்லான்! இன்ஸ்பெக்டர் ஐயாகிட்ட பேசிட்டிருக்கேன்ல?

உர்பீனா: எதிர்த்த சாப்பாட்டுக் கடைக்காரி ஒண்ணு சொன்னா. கொஞ்ச நாளா இங்க கொண்டைக்கடலைக் குழம்பு ரெண்டு பேருக்குப் போகுதாம்.

காசில்தா: என் இடுப்பைப் பாத்தீங்களா? அந்த ரெண்டு பேரும் நான்தான்.

உர்பீனா: உங்ககிட்ட வாய் குடுத்து மீள முடியாது. எங்க கஷ்டம் உங்களுக்கு எங்க தெரியும்... ஆளை நான் நேர்ல பாத்ததில்ல. தாடியை வேற எடுத்துட்டாராம். எங்கிட்ட இருக்கறது ஒரு கேலிச் சித்திரம், அதுல மூக்கு மட்டும்தான் இருக்கு.

காசில்தா: அப்ப மூக்கைத் தேடுங்க.

உர்பீனா: தேடறேன்... அவரோட 'உப்புக்காரி'யில நீங்கதானே நாயகி? கடைசியில ராஜா முன்னால நின்னு பேசுவீங்களே. ஒரு தடவை பேசிக் காட்டுங்க, போயிடறேன். வாசல்ல நிக்கற ஆளுங்களையும் கூட்டிட்டு.

காசில்தா: தடை பண்ணின நாடகம். பேசினா அதுக்கு ஒரு கேஸா?

உர்பீனா: கேக்கறதே நான்தானே.

காசில்தா: ...சத்தியமா போயிடுவீங்களா?

உர்பீனா: பேசுங்கம்மா.

காசில்தா: "அரசே, என் தகப்பன் அள்ளிய உப்புக்கு வரி கேட்டீர்கள், கொடுத்தோம். அவன் வியர்வையிலும் உப்பு இருக்கிறது. அதற்கும் ஆள் அனுப்புவீர்களா?" ...அவ்வளவுதான். திரை விழும். போதுமா?

உர்பீனா: இன்னும் ஒரு வரி இருக்கே. "உங்கள் கருணையால் நாங்கள் வாழ்கிறோம், அரசே."

காசில்தா: அப்படி ஒரு வரியே கிடையாது. எத்தனை ராத்திரி பேசியிருக்கேன், எனக்குத் தெரியாதா?

உர்பீனா: இருக்கும்மா. மண்டி போட்டு அழுதுக்கிட்டே சொல்வா. வெளியில என்ன முழங்கினாலும், தோன் லியாந்த்ரோ உள்ளுக்குள்ள அரண்மனைக்கு ஜால்ரா போட்ட ஆளுதானே.

காசில்தா: அந்தப் பொண்ணு மண்டி போட மாட்டா!

உர்பீனா: போடுவா. "உங்கள் கருணையால்..."

ஃப்ரொய்லான்: "உங்கள் கருணையால் நாங்கள் வாழவில்லை, அரசே. எங்கள் பசியால் நீங்கள் வாழ்கிறீர்கள்."

காசில்தா: ஃப்ரொய்லான்! உன்னை யாரு கேட்டா?

ஃப்ரொய்லான்: ...தப்பா சொன்னா எடுத்துக் குடுக்கறதுதானே என் வேலை.

உர்பீனா: நியாயம்தான். எதுல படிச்சீங்க, பெரியவரே?

ஃப்ரொய்லான்: அச்சுல... புத்தகத்துல...

உர்பீனா: புத்தகத்துல இல்ல. இந்தம்மாவுக்கு ஒத்திகைக்குக் குடுத்த பிரதியிலயும் இல்ல. அப்ப நான் தணிக்கை ஆபீஸ்ல குமாஸ்தா. நாடகம் தியேட்டருக்கு வர்றதுக்கு முன்னாடியே அந்த வரியைச் சிவப்பு மையால வெட்டினது இந்தக் கைதான். எழுதினவரையும் என்னையும் விட்டா அதை அறிஞ்சவங்க கிடையாது.

காசில்தா: ஐயா... கால்ல விழறேன்யா. பின்பக்கம் ஒரு கதவு இருக்கு. நீங்க இந்தப் பக்கம் திரும்பி உக்காந்தா போதும்...

உர்பீனா: அங்கயும் ஆள் நிக்குதும்மா.

லியாந்த்ரோ: எழுந்திரு காசில்தா. யார் கால்லயும் விழாதே... இன்ஸ்பெக்டர், இவளுக்கு எதுவும் தெரியாது. பெட்டிக்குள்ள நானாத்தான் புகுந்தேன்.

உர்பீனா: அப்படியே எழுதிக்கறேன்.

லியாந்த்ரோ: ஒண்ணு மட்டும் சொல்லுங்க. எத்தனையோ பேரோடதை வெட்டியிருப்பீங்க. இவ்வளவு வருஷம் கழிச்சு இந்த ஒரு வரி எப்படி ஞாபகம் இருக்கு?

உர்பீனா: வெட்டும்போதே மனப்பாடம் ஆயிடுச்சு, தோன் லியாந்த்ரோ... கையைக் குடுங்க. ஏறி வாங்க.