கடந்து போன வீடு

"வாப்பாவ நான் தூக்குறன்! நீங்க ஓடுங்க! பின்பக்கத்தால ஓடுங்க!"

பக்கத்து வீட்டு ரஹீமின் குரல். தையல்காரர். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலிதான். ஒழுங்கை முனையில் தகரக் கதவுகள் இடிபடுகின்றன. டமார். கண்ணாடி. மறுபடி டமார். பட்டப்பகல். செவ்வாய்க்கிழமை. தவக்காலம். இந்தச் சத்தம் எனக்குத் தெரியும். எண்பத்து மூன்றில் கண்டிக் கடைத்தெருவில் கேட்டேன். அப்போது தமிழர் எங்களைத் தேடினார்கள். இப்போது முஸ்லிம் வீடுகளைத் தேடுகிறார்கள்.

ஜன்னல் இடுக்கால் பார்க்கிறேன். ரஹீம் தகப்பனை முதுகில் சுமந்து ஓடுகிறார். பின்னால் அவர் மனைவி ஃபரீதா, இரண்டு பிள்ளைகளோடு. என் பின்கதவைத் தாண்டித்தான் போகிறார்கள். தட்டவில்லை. ஒருமுறை மறுத்தவளிடம் யார் மறுபடி கேட்பார்?

என் வாசலில் இயேசுவின் படம் தொங்குகிறது. காலையில் நானே மாட்டினேன். இது கிறிஸ்தவ வீடு என்று வருகிறவர்களுக்குத் தெரியட்டும். எகிப்தில் தலைப்பிள்ளைகளைக் கொல்ல வந்த சங்காரதூதன், நிலைக்கால்களில் ஆட்டு இரத்தம் பூசிய வீடுகளை மட்டும் கடந்து போனான். ஞாயிறு பாடசாலையில் கேட்டது. நான் எழுத்து அதிகம் படிக்காதவள். வேதம் மறக்காதவள். அந்தப் பெருமை எனக்கு உண்டு.

ஆணி அடிக்கும்போதே ஃபரீதா வேலியருகே வந்தாள்.

"அக்கா, வேற படம் ஒண்டு இரிக்கா? எங்க வாசல்லயும் மாட்டுவம்."

"ஒங்க வீட்டுலயா? ஒங்க பள்ளிவாசல்ல என்னா சொல்லுவாங்க?"

"அல்லாஹ் மன்னிப்பான். நீங்க குடுங்க." சிரிக்கப் பார்த்தாள்.

படம் இருந்தது. அலுமாரிக்குள், நல்ல கண்ணாடி போட்டது.

"விசுவாசம் இல்லாத வீட்டுல ஆண்டவர மாட்டக் கூடாது ஃபரீதா. அவரு என்னா காவக்காரரா?"

சொல்லிவிட்டு என் ஆணியை அடித்து முடித்தேன்.

ரஹீம் குடும்பம் ஓடிய கையோடு அவர்கள் வந்தார்கள். மோட்டார் சைக்கிள்கள். ஒருவன் என் கேட்டில் நின்று படத்தைப் பார்த்தான். "இது இல்லை, அடுத்தது" என்றான் சிங்களத்தில். கடந்து போனார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் ஓடு நொறுங்கியது. பெட்ரோல் மணம். பிறகு தீ, படபடவென்று. நான் முழங்காலிட்டு ஸ்தோத்திரம் சொன்னேன். என் வீட்டுக்கு மட்டும்.

மறுநாள் ஃபரீதா வந்தாள். முகமெல்லாம் கரி.

"அக்கா, ஒங்களுக்கு ஒண்டும் ஆகல்ல தானே? அல்ஹம்துலில்லாஹ்."

குத்தல் இல்லை. குத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அவளை உள்ளே கூப்பிடாமல் வாசலிலேயே நிற்க வைத்தேன்.

நியாயத்தீர்ப்பு கடைசி நாளில் என்று போதகர் சொல்லுவார். எனக்கு அன்றைக்கே நடந்தது. என் வாசலில், என்னை நலம் விசாரித்து. படம் கொடுத்திருந்தால் அந்த வீடு தப்பியிருக்குமா, தெரியாது. அது எனக்குச் சாக்கு இல்லை. இரக்கமாயிரும் ஆண்டவரே என்று இப்போதும் ஜெபிக்கத் தொடங்குகிறேன். பாதியில் நின்றுவிடுகிறது. கேட்டவளுக்கு நான் இல்லை என்றேனே.

மறக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். போனவை: தையல் மெஷின் மூன்று. பள்ளிக்கூடச் சட்டைக்கு வெட்டி வைத்த வெள்ளைத் துணி. கூரை முழுதும். கூண்டுக் கிளி ஒன்று. ஆள் ஒருவர், ரஹீமின் வாப்பா. அந்த ஓட்டத்தில் நெஞ்சடைத்து, ஆஸ்பத்திரியில். பிறகு மிச்சம் நாலு பேரும், வேறு ஊருக்கு.

என் வீட்டில் ஒன்றும் போகவில்லை.