கவர்னர் அக்கரைக்குப் போன காலை

எனக்குக் கெளுத்தி மீன் வறுவல் என்றால் உயிர். நல்ல வறுவல் ஆற்றுக்கு அக்கரையில்தான் கிடைக்கும். அது வேறு மாநிலம். அன்று எட்டு மணிப் படகில் போனேன். படகுக்காரன் கிடியன் கிண்டலடித்தான்: "கவர்னரய்யாவுக்குப் பசி வந்துட்டா மாநிலத்த அப்படியே போட்டுட்டுக் கெளம்பிடுவாரு போல." நானும் சிரித்தேன்.

இந்த விசாரணைக் குழுவில் பாதிப் பேர் வக்கீல்கள். உங்களுக்குத் தெரியாத சட்டம் இல்லை. கவர்னர் எல்லையைத் தாண்டிவிட்டால் அதிகாரம் துணைக் கவர்னருக்குப் போய்விடும். ஆலைக் காவலாளியைச் சுட்டுக் கொன்றதாக ஏமஸ் டட்டிலைப் பதினொரு மணிக்குத் தூக்கிலிட இருந்தார்கள். அதை நிறுத்தும் அதிகாரம் என்னிடம் அப்போது இல்லை.

ஏமஸ் சுடவில்லை. சுட்டவன், நான் வக்கீலாக இருந்தபோது என் அறைக்கு வந்து அழுதபடி ஒப்புக்கொண்டான். கட்சிக்காரன் நம்பிச் சொன்னதை வெளியே சொல்வது தொழில் தர்மம் அல்ல. ஏமஸை மன்னிக்க நான் காரணம் எழுத வேண்டியதில்லைதான். ஆனால் அப்படியானால் சுட்டது யார் என்று ஊர் துருவும். சுட்டவனுடைய அப்பா தயவில்தான் நான் இரண்டாம் முறையும் கவர்னர் தேர்தலில் நிற்க முடியும்.

ஒன்பதரைக்கு ஏமஸின் மனைவி ஆர்ஃபா நான் இருந்த அக்கரைச் சாப்பாட்டுக் கடைக்கு வந்தாள். படகுத்துறையில் விசாரித்திருக்கிறாள். கருணை மனுவை என் மேசையில் விரித்தாள்.

"இந்தக் கரையில நான் கவர்னர் இல்லம்மா. துணைக் கவர்னரப் போய்ப் பாரு" என்றேன்.

"பாத்துட்டுத்தான் வரேன். நீங்க ஊர்லதான் இருக்கீங்களாம், அவரு கையெழுத்துச் செல்லாதாம்."

அவர் அப்படித்தான் நினைத்திருப்பார். நான் கிளம்பியதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லியாக வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

"அப்ப படகுல ஏறுங்கய்யா. கால் மணி நேரந்தான். உங்க பேரத்தான எழுதச் சொல்றேன், உசுரையா கேக்குறேன்?"

மீன் அப்போதுதான் தட்டுக்கு வந்திருந்தது. அவளையும் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. இன்னும் இரண்டு துண்டு சோள ரொட்டி கேட்டு வாங்கினேன். பத்தேகால் படகில் அவள் தனியாகப் போனாள்.

பன்னிரண்டு மணிப் படகில் நான் திரும்பினேன். இக்கரையில் கால் வைத்ததுமே மன்னிக்கும் அதிகாரம் முழுதாக என்னிடம் வந்துவிட்டது. யாரை மன்னிப்பது? தூக்கிலிடும்போது ஏமஸின் கைகளைப் பின்னால் இறுக்கிக் கட்டியிருந்தார்களாம். அன்று காலை என் நிலைமையும் அதேதான்.