வியன்னாவில் இன்னும் நாலு நாள்

மேனகா: ...அதான் கண்காட்சி முடிஞ்சிருச்சில்ல, இனிமே ஜாலியா சுத்துண்ணா. மேனேஜரே நாலு நாள் லீவு குடுத்து, வியன்னாவைப் பாத்துட்டு வான்னுட்டாரு. உங்க மாங்கூழ் கம்பெனியில வேற யாருக்கு இந்தக் குடுப்பினை?

நவநீதன்: சுத்திக்கிட்டுதான் இருக்கறேன் மேனகா. இப்பக்கூட வெளியதான்.

மேனகா: எங்க?

நவநீதன்: எங்கன்னா... டிராம்ல.

மேனகா: ஐயோ! சன்னலோரமா? ஆத்து மேல பாலம், கோட்டு போட்ட தாத்தா ஒருத்தர் பேப்பர் படிச்சிக்கிட்டு... நான் படிக்கற நாவல்ல எல்லாம் இப்பிடித்தான் வரும்.

நவநீதன்: தாத்தா இருக்காரு. கோட்டு இல்ல. துண்டு.

மேனகா: துண்டா?

நவநீதன்: கழுத்துல சுத்தியிருக்காரு. குளிருக்கு... யப்பா, வெயில் மண்டையப் பொளக்குது.

மேனகா: குளிருன்னே?

நவநீதன்: ரெண்டும் இருக்குது. ஐரோப்பா இல்ல?

அம்மா: என்னடி சொல்றான்? கெளம்பிட்டானா?

மேனகா: இரும்மா, மியூட்ல போடறேன்... ம், பேசு. அங்கதான் இருக்கறான். டிராம்ல போறானாம்.

அம்மா: அதுவும் நல்லதுதான். பொண்ணு பாக்கறவங்க அரூர்லருந்து வேன் எடுத்து எந்நேரமாச்சு. பெத்த புள்ளைய வூட்டுக்கு வராதேன்னு சொல்ல வேண்டியிருக்குதே... பாவம்டி.

மேனகா: பாவமா? போன மூணு தடவையும் யாரு பாவம்? மாங்கா லோடு பிரிச்சுப் பாக்கற மாதிரியே மாப்பிள்ளைங்களப் பாத்தான். ஒருத்தரை எந்திரிச்சு நடந்து காட்டச் சொன்னான். பாலக்கோட்டுக்காரரை...

அம்மா: பாடச் சொன்னான்.

மேனகா: அத்தனை பேர் முன்னாடி! "பொண்ணை மட்டும் பாடச் சொல்றீங்க, நீங்களும் ரெண்டு வரி பாடுங்க"ன்னான். அந்த மனுசன் கடிச்ச பஜ்ஜியத் தட்டுலயே வெச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு.

அம்மா: கேட்டதுல தப்பொண்ணும் இல்லையே.

மேனகா: தப்பில்லதான். ஆனா இந்த மாதேஷை எனக்குப் புடிச்சிருக்கும்மா. போட்டோவும் மெசேஜும்தான், குரல்கூடக் கேட்டதில்ல. ஆனா மெசேஜ்ல கமா, முற்றுப்புள்ளி எல்லாம் வெக்கறாரு. இதையும் அண்ணன் கெடுத்துட்டான்னா...

நவநீதன்: அலோ... அலோ... மேனகா?

மேனகா: இருக்கறேண்ணா. சிக்னல் இல்ல.

நவநீதன்: என்ன அங்க சொய்ங்குன்னு? பஜ்ஜி சுடறீங்களா?

மேனகா: மழைண்ணா.

நவநீதன்: இந்த வெயில்லயா?

மேனகா: இங்க வெயிலுன்னு உனக்கு எப்பிடித் தெரியும்?

நவநீதன்: அது... போன்ல காட்டுதே. தர்மபுரி, கடும் வெயில்னு.

மேனகா: ஓ... சரி, அங்க என்ன, யாரோ பாடற மாதிரி...

நவநீதன்: ஆமா, ஒருத்தர் பாடறாரு. சங்கீதத்துக்குப் பேர்போன ஊராச்சே.

மேனகா: இதுவா சங்கீதம்? வார்த்தை ஒண்ணும் வெளங்கல, கழுதை கத்தற மாதிரி இருக்குது!

நவநீதன்: ஏய், மெதுவா...

மேனகா: அவருக்குத் தமிழ் தெரியுமா என்ன? சுருதி ஒரு பக்கம் போவுது, ஆளு ஒரு பக்கம் போறாரு. ஆனா உட மாட்டேங்கறாரே! கூட யாரோ கை வேற தட்டறாங்க. தன்னால சிரிப்பு வருதுண்ணா.

நவநீதன்: ஆளு எப்பிடி இருப்பான்னு நெனைக்கறே?

மேனகா: யாரு, இந்தக் கழுதையா? இவ்ளோ மோசமாப் பாடறோம்னு தெரிஞ்சும் நாலு பேர் முன்னாடி பாடறான்னா... கெட்டவனா இருக்க மாட்டான்.

நவநீதன்: ம். எனக்கும் அப்பிடித்தான் தோணுச்சு... மேனகா, ஒண்ணு கேக்கட்டா?

மேனகா: கேளுண்ணா.

நவநீதன்: நான் நெசமாவே இன்னும் நாலு நாள் இருந்துதான் ஆவணுமா? ஊரு நல்லாத்தான் இருக்குது. ஆனா பாலத்து மேல நின்னு "ஏய், அங்க பாரேன்"னு சொல்றதுக்கு ஆளில்ல. அன்னிக்கு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். பக்கத்துல நின்ன வெள்ளைக்காரம்மா பையை இறுக்கிப் புடிச்சிக்கிட்டுத் தள்ளிப் போயிட்டாங்க.

மேனகா: ...ணா.

அம்மா: ஏன்டி கண்ணைத் தொடைக்கறே? மை கலைஞ்சிரும், அவங்க வர்ற நேரம்!

மேனகா: அம்மா! மியூட்ல இல்ல!

நவநீதன்: யாரு வர்ற நேரம்?

மேனகா: ...சொல்லிடறேண்ணா. இன்னிக்கு என்னைப் பொண்ணு பாக்க வர்றாங்க. நீ இருந்தா இவரையும் மாங்கா மாதிரி அமுக்கிப் பாப்பியேன்னுதான் உன்னை அங்கயே இருக்கச் சொன்னோம். தப்புதாண்ணா. நாளைக்கே கெளம்பி வந்துரு. தெருவுல வேன் சத்தம் கேக்குது, வெக்கட்டா?

நவநீதன்: வெக்காதே. அந்த வேன்லதான் நான் வர்றேன்.

மேனகா: என்னது? டிராம்?

நவநீதன்: டிராமும் இல்ல, வியன்னாவும் இல்ல. சொல்லாம வந்து அசத்தலாம்னு பாத்தேன். தர்மபுரி பஸ் ஸ்டாண்டுல எறங்கினா, இவங்க தட்டுக்கு மாம்பழம் வாங்கறாங்க. பூரா கார்பைட் கல்லு வெச்சுப் பழுக்க வெச்சது. மனசு கேக்கல, நானே நல்லதாப் பொறுக்கிக் குடுத்தேன். எங்க போறீங்கன்னு கேட்டா, பென்னாகரம் ரோட்டுல நம்ம வூட்டைச் சொல்றாங்க!

மேனகா: ணா... அப்ப அந்தப் பாட்டு...

நவநீதன்: நான்தான் மாதேஷைப் பாடச் சொன்னேன். சூட்கேஸ் மடியில இருக்குது, அதான் போனை ஸ்பீக்கர்ல போட்டிருக்கறேன். நீ கழுதைன்னது வேன் பூராக் கேட்டுச்சு. "பரவால்லீங்க, கெட்டவன் இல்லைன்னுட்டாங்களே"ன்னு அடுத்த பாட்டுக்குத் தொண்டையச் செருமறாரு. வந்து கேட்டைத் தொற.