தலைவர் நம்குங் சொன்ன ஒரே பொய்

மேடையில் அமர்ந்திருக்கும் சாய ஆலை உரிமையாளர் சங்கத்துப் பெரியவர்களே, மறைந்த நம் தலைவரை ஐம்பத்து மூன்று ஆண்டுகள் பொறுத்துக்கொண்ட அவருடைய துணைவியார் அவர்களே, அவருக்குப் பின் தலைவராகப் பொறுப்பேற்றிருக்கும் அவருடைய மகன் நம்குங் ஜேவூக் அவர்களே, காலை ஷிஃப்டு முடிந்து கைச் சாயத்தைக் கழுவக்கூட நேரமில்லாமல் ஓடி வந்திருக்கும் என் ஆலை மக்களே! மூல்பித் சாய ஆலையின் முதல் கூடத்தில் இருபத்தொன்பது ஆண்டுகள் வேலை பார்த்த மா மல்சுன், உங்கள் எல்லாருக்கும் வணக்கம் சொல்கிறேன்.

எனக்கு ஐந்து நிமிடம் என்றார்கள். ஐந்து நிமிடத்தில் ஒரு கைக்குட்டைக்குக்கூடச் சாயம் ஏறாது! நீண்டு போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாசலில் நிற்கும் மலர்வளையங்களைப் பார்த்தீர்களா? அமைச்சர் பெயர் ஒரு ரிப்பனில், வங்கித் தலைவர் பெயர் ஒரு ரிப்பனில், பேரவை உறுப்பினர்கள் பெயர் ஏழெட்டு ரிப்பனில். யாருடைய வளையம் கதவுக்குப் பக்கத்தில் நிற்பது என்று இரண்டு உதவியாளர்கள் காலையில் முட்டிக்கொண்டதை என் கண்ணால் பார்த்தேன். தலைவர் நம்குங் தொசிக் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? "இவ்வளவு பூவைக் குடுத்துட்டு அப்புறம் என்ன கேக்கப்போறாங்களோ!" என்றுதான் சொல்லியிருப்பார்.

உங்கள் கையில் ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள். தலைவரின் வாழ்க்கைக் குறிப்பு. பிறந்தது, ஆலை தொடங்கியது, ஏற்றுமதி விருது வாங்கியது, மருத்துவமனைக்கு நன்கொடை கொடுத்தது, எல்லாம் அழகாக அச்சாகியிருக்கிறது. ஒன்றரை ஆண்டு மட்டும் அதில் இல்லை. தலைவர் சிறையில் இருந்த ஒன்றரை ஆண்டு.

நேற்று ஜேவூக் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "பெரியம்மா, ஜெயில் விஷயம் மட்டும் வேணாமே. பெரிய பெரிய ஆளுங்க வருவாங்க."

"சரிப்பா, ஜெயிலைப் பத்திப் பேசல. ஜெயிலுக்கு ஏன் போனாருன்னு பேசுறேன்" என்றேன்.

அவரை அவமானப்படுத்த நான் இங்கே வரவில்லை. ஆனால் நம் ஆலையின் மூன்றாம் கட்டடத்துக்கு ஐந்து மாதமாக அனுமதி வரவில்லை. தேர்தலுக்கு இரண்டு மாதம் இருக்கிறது. வேட்பாளர் ஒருவரின் ஆள் வருகிற திங்கட்கிழமை ஆலைக்கு வருகிறார். "எங்க அண்ணன் மனசு குளிர்ந்தா அனுமதியும் வந்துரும்" என்று அவர் தொலைபேசியில் சொன்னது சாப்பாட்டுக் கூடம் வரைக்கும் வந்துவிட்டது. ஜேவூக் என்ன செய்யப்போகிறார் என்று ஆலை முழுவதும் கேட்டுக்கொண்டிருக்கிறது. ஆகவே அவருடைய அப்பா என்ன செய்தார் என்பதை இன்றைக்குச் சொல்லாமல் வேறு என்றைக்குச் சொல்வது?

தலைவர் நம்குங் கருணையே உருவானவர் என்று எனக்கு முன்னால் பேசியவர் சொன்னார். யாரைச் சொல்கிறார் என்று எனக்குக் கொஞ்ச நேரம் புரியவில்லை! ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் மூன்று தளத்துக்குக் கேட்கிற மாதிரி கத்துகிறவர் அவர். நான் சேர்ந்த முதல் வாரம், ஒரு தொட்டித் துணி திட்டுத்திட்டாக வந்துவிட்டது. விரலால் தொட்டுப் பார்த்தார். "ஏம்மா, இது நீலமா? கடன்காரனைப் பாத்த எம் மாமனார் மூஞ்சி இதைவிட நல்ல நீலமா இருக்கும்!" என்றார். நான் அழுதேன். உடனே சட்டைக் கையை மடித்துவிட்டு என்னோடு நின்று அதே துணிக்கு மறுபடி சாயம் ஏற்றினார். முதலாளியின் நகத்தில் தொழிலாளியின் நகத்தில் இருக்கும் அதே கறை! அதை நான் வேறெந்த முதலாளியிடமும் பார்த்ததில்லை.

அப்படிப்பட்டவர்தான் ஒருமுறை தவறினார்.

நம் ஆலைக்குப் பின்னால் ஓடும் ஓடையை அந்தக் காலத்தில் பார்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். அன்றன்றைக்கு எந்த நிறத்துக்குப் பெரிய ஆர்டர் என்று ஓடையைப் பார்த்தே சொல்லிவிடலாம். திங்கள் சிவப்பு, புதன் பச்சை. கீழ்க்கரையில் முள்ளங்கி போட்டவர்கள் கை காலெல்லாம் சொறிந்துகொண்டு நம் வாசலில் வந்து நின்றார்கள். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் கட்டாமல் இரண்டாம் கட்டடத்துக்கு அனுமதி கிடையாது என்று அரசு சொன்னது. நிலையம் கட்டப் பெரிய செலவு. அதைவிட ஒரு பேரவை உறுப்பினரின் மனதைக் குளிர வைப்பது மலிவு. சங்கத்தில் இருந்த முதலாளிகள் எல்லாரும் அதைத்தான் செய்தார்கள். இவரும் செய்தார்.

அந்த ஆண்டு சுசொக் அறுவடைத் திருநாளுக்கு முந்தைய வாரம், என்னை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். மேசை மேல் ஓர் ஆப்பிள் பெட்டி. "மல்சுன், உனக்குத்தான் பரிசுப் பெட்டி அழகாக் கட்ட வருமே. இதைக் கட்டிக் குடு" என்றார். நம் ஆலையிலேயே சாயம் ஏற்றிய நீலப் பட்டுத்துணி. நான் சுற்றி, மேலே தாமரை மாதிரி முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன். அது அந்தப் பேரவை உறுப்பினர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. சுத்திகரிப்பு நிலையம் கட்டுவதிலிருந்து ஐந்து ஆண்டு விலக்கு வந்தது. இரண்டாம் கட்டடம் எழுந்தது. என் கணவரின் தங்கைக்கு அதில் வேலையும் கிடைத்தது.

மூன்றாம் ஆண்டு அந்த உறுப்பினர் லஞ்ச வழக்கில் பிடிபட்டார். தேகு நகரத்துச் சாய ஆலை முதலாளிகள் வரிசையாக நீதிமன்றத்துக்கு அழைக்கப்பட்டார்கள். வரிசையாக என்ன சொன்னார்கள்? "நினைவில்லை." ஏழு பேர்! தொட்டி தொட்டியாகச் சாயக் கலவையின் அளவை மனப்பாடமாக வைத்திருந்த ஏழு பேருக்கும் தாங்கள் கொடுத்த பெட்டி மட்டும் நினைவில்லை!

தலைவர் சாட்சி சொல்வதற்கு முந்தைய நாள் மதியம், நாங்கள் சோற்றில் கை வைத்திருந்தபோது சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்தார். எப்போதும் எங்கள் வரிசையில் நின்று தட்டு வாங்குகிறவர், அன்றைக்கு வாங்கவில்லை.

"நாளைக்கு நான் குடுத்தேன்னு சொல்லப்போறேன். ஆலை நின்னாலும் நிக்கலாம். உங்ககிட்ட முதல்ல சொல்லணும்னு தோணுச்சு."

மேஸ்திரி தாக் எழுந்தார். அதோ, மூன்றாம் வரிசையில் செருப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரே, அவர்தான்! "ஐயா, ஏழு பேரும் நினைவில்லைன்னு சொல்லிட்டாங்க. நீங்க மட்டும் என்ன புத்தரா? எங்க பிள்ளைங்க சோறு என்னாவுறது?"

"உங்க பிள்ளைங்க சோத்தையும் அந்த ஓடைத் தண்ணியிலதானே ஊறப்போட்டிருக்கேன் தாக்" என்றார் தலைவர். "காசு இருக்கறவன் வீடு வாங்கலாம், காரு வாங்கலாம். நான் சட்டத்தையே வாங்கிட்டேன். வாங்கினதைத் திருப்பிக் குடுக்க எனக்கு வேற வழி தெரியல."

தாக் கிம்ச்சிக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு வெளியே போனார். மறுநாள் நீதிமன்றத்தில் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தவரும் அதே தாக்தான்.

நீதிமன்ற வாசலில் வக்கீல் ஒரு சக்கர நாற்காலியோடு காத்திருந்தார். முழங்கால் மேல் போட ஒரு கம்பளி, முகத்துக்கு ஒரு மாஸ்க். பணக்காரர்கள் நீதிமன்றத்துக்கு எப்படித் திடீர் நோயாளியாகிப் போவார்கள் என்று உங்களுக்குத் தெரியும்தானே! தலைவர் அந்த நாற்காலியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். வக்கீலைப் பார்த்தார். "தம்பி, உனக்குக் கால் வலியா? உக்காரு, நான் தள்ளிட்டுப் போறேன்" என்றார். படியேறி நடந்தே போனார்.

"கொடுத்தீர்களா?" என்று கேட்டார்கள். "கொடுத்தேன்." "எதற்கு?" "சுத்திகரிப்பு நிலையம் கட்டாம இருக்கறதுக்கு." "யாராவது வற்புறுத்தினார்களா?" "இல்ல. எனக்கே ஆசை." எவ்வளவு நேரமாயிற்று? ஒரு நிமிடம் ஆகியிருக்குமா? ஏழு பேரால் முடியாததை ஒரு நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டார்!

அப்புறம் அரசு வழக்கறிஞர் அந்த நீலத் துணியை எடுத்து விரித்தார். "இதைக் கட்டியது யார்?"

கட்டியவள் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன்!

"நான்தான்" என்றார் தலைவர்.

அரசு வழக்கறிஞர் ஒரு வெற்றுப் பெட்டியையும் துணியையும் அவர் முன்னால் வைத்தார். "கட்டிக் காட்டுங்கள்."

தலைவர் கட்டினார். இப்படி இழுத்தார், அப்படி இழுத்தார். பெட்டி ஒரு பக்கம் துருத்தியது, துணி மறு பக்கம் தொங்கியது. அரசு வழக்கறிஞர் கேட்டார்: "ஐயா, உள்ளே இருப்பது ஆப்பிளா, உயிரோடு கோழியா?" நீதிபதிகூடச் சிரித்துவிட்டார்.

தலைவர் துணியைக் கீழே வைத்தார். "பொய் சொல்லிட்டேன், மன்னிக்கணும். ஒரு தொழிலாளி கட்டினாங்க. உள்ள ஆப்பிள்னு நெனச்சுத்தான் கட்டினாங்க. பேரு சொல்ல மாட்டேன். அதுக்கு ஆறு மாசம் கூடப் போடணும்னா போட்டுக்குங்க."

ஒன்றரை ஆண்டு போட்டார்கள். பேர் சொல்லாததற்கு அதில் எத்தனை மாதம் என்று யாருக்குத் தெரியும்?

ஆலை என்னவாயிற்று? வங்கி கை விரித்தது. சங்கம் அவரை நீக்கியது. மேடையில் இருக்கும் பெரியவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, நடந்ததைச் சொல்கிறேன். சிறையிலிருந்தே கையெழுத்துப் போட்டு இரண்டாம் கட்டடத்தையும் தன் வீட்டையும் விற்று, அந்தப் பணத்தில் சுத்திகரிப்பு நிலையம் கட்டச் சொன்னார். நம்மில் பாதிப் பேருக்கு வேலை போயிற்று. என் நாத்தனாருக்கும் போயிற்று. எட்டுத் திருநாளுக்கு அவள் என் வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை! நல்லது செய்தால் எல்லாரும் வாழ்த்துவார்கள் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். அவர் செய்த நல்லதற்கும் பலர் விலை கொடுத்தார்கள். அதையும் அவர் மறைக்கவில்லை. வேலை இழந்த ஒவ்வொருவர் வீட்டுக்கும் பிறகு நேரில் போய்த் தலை குனிந்தார். இரண்டு வீட்டில் கதவைத் திறக்கவில்லை.

நாடு விடுதலையான நாளில் பணக்காரக் கைதிகளுக்குச் சிறப்பு மன்னிப்பு வருமே, அந்த ஆண்டும் வந்தது. நினைவில்லாத ஏழு பேரில் தண்டனை பெற்ற இருவரும், நாட்டின் பொருளாதாரத்துக்காக என்று வெளியே வந்துவிட்டார்கள். தலைவர் மனு போடவே மறுத்தார். "நான் வெளிய வந்தாத்தான் பொருளாதாரம் நிமிருமாமா? அவ்வளவு பெரிய ஆளா நானு?" என்று எழுதியிருந்தார்.

ஒன்றரை ஆண்டும் முடிந்து அவர் வெளியே வந்த காலை, சிறை வாசலில் நான் ஒரு கட்டி சோயாத் தோஃபுவோடு நின்றேன். வெளியே வருகிறவர் வெள்ளைத் தோஃபு தின்ன வேண்டும், இனி உள்ளே போகாமல் இருக்க. கையால் பிய்த்துத் தின்றார். எனக்குத் தாங்கவில்லை. "ஐயா, அன்னைக்கு அந்தப் பெட்டி..." என்று ஆரம்பித்தேன்.

"உப்பே இல்ல மல்சுன்" என்றார். "வாயில தோஃபு இருக்கறப்ப என்னைப் பேச வைக்காத."

அதற்குப் பிறகு இருபது ஆண்டுகள் இருந்தார். நான் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. எடுக்கவும் அவர் விடவில்லை.

இன்றைக்கு எடுக்கிறேன். ஆப்பிள் பெட்டியைச் சாய்த்தால் பழம் உருளும். உங்கள் எல்லாருக்கும் தெரியும். அன்றைக்குத் துணியை அடியில் இழுக்க நான் பெட்டியைச் சாய்த்தேன். எதுவும் உருளவில்லை. உள்ளே இருப்பது ஆப்பிள் இல்லை, பணக்கட்டு என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கட்டினேன். நாத்தனாருக்கு வேலை கிடைக்கும் என்று நினைத்துத்தான் இவ்வளவு அழகாக முடிச்சுப் போட்டேன். எனக்குத் தெரியும் என்பது தலைவருக்கும் தெரியும். நீதிமன்றத்தில் முதலில் சொன்ன பொய்யை அவர் திருத்திக்கொண்டார். "ஆப்பிள்னு நெனச்சுத்தான்" என்று சொன்னாரே, அந்தப் பொய்யைக் கடைசி வரைக்கும் திருத்தவில்லை. அவர் சொல்லி நிலைத்த பொய் அது ஒன்றுதான். அதுவும் எனக்காக.

தலைவரே! படத்திலிருந்து முறைக்காதீர்கள். உங்கள் மேல் எந்தப் பொய்யும் மிச்சம் இருக்கக் கூடாது என்றுதான் சொல்லிவிட்டேன்.

ஜேவூக் அவர்களே, இல்லை, என்னப்பா ஜேவூக்! இந்த மாதம் ஓடையில் தண்ணீரை எடுத்துப் பார்த்தது யார் தெரியுமா? நகராட்சித் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் என் பேத்தி. கெண்டை மீன் இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். உன் அப்பா தன் வீட்டை விற்று வாங்கியது அந்த மீனைத்தான். மூன்றாம் கட்டடம் இல்லாமல் நாம் இன்னும் கொஞ்ச காலம் நெருக்கிக்கொண்டு வேலை செய்யலாம். எத்தனை பெரிய ஆள் அனுமதியைப் பிடித்து வைத்தாலும், பிடித்து வைத்திருக்கிறான் என்று ஊரறியச் சொல்லிவிட்டுக் காத்திருக்கலாம்.

ஆலை மக்களே, இப்போது உங்களிடம் கேட்கிறேன். பெட்டி கட்டச் சொன்னால் கட்டுவோமா? வண்டியில் ஏற்றச் சொன்னால் ஏற்றுவோமா? ஏற்றுவதைப் பார்த்துவிட்டுத் தட்டைப் பார்த்துச் சாப்பிடுவோமா? மாட்டோம் என்பவர்கள் எழுந்திருங்கள். முழங்கால் வலிக்கிறவர்கள் பக்கத்தில் இருப்பவர் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்திருங்கள். தாக், உன்னையும்தான் சொல்கிறேன்.

ஜேவூக், ஒருமுறை திரும்பிப் பார். இவர்களில் ஒருவர்கூட, எனக்குத் தெரியாது என்று இனிமேல் சொல்லப்போவதில்லை. நானும்தான். முதல் வணக்கத்தை உன் அப்பாவுக்கு நீ வை. உனக்குப் பின்னால் நாங்கள் எல்லாரும் வணங்குகிறோம்.