ஓரத்துக் கம்ப்யூட்டரின் கீபோர்டு

கீபோர்டு துடைக்கிற பஞ்சும் ஸ்பிரிட்டும் நான் கைக்காசில்தான் வாங்குவேன், இன்ஸ்பெக்டர் சார். லேப் பொறுப்பாளர் நவநீதகிருஷ்ணனுக்குச் சுத்தப் பைத்தியம் என்று கல்லூரியில் எனக்குப் பேர்.

அருணாதேவி கெட்ட பெண் அல்ல. வகுப்பில் முதல் மாணவி; சென்னையில் வேலைகூடக் கிடைத்திருந்தது. ஆனால் லீவு நாளெல்லாம் அம்மாவோடு விஸ்வநத்தத்தில் பட்டாசு வேலைக்குப் போவாள். திங்கட்கிழமை வந்தால் நகக்கண்ணெல்லாம் அலுமினியப் பொடி. அவள் உட்காருகிற ஓரத்துக் கம்ப்யூட்டரில், தொட்ட எழுத்தெல்லாம் ஈயம் பூசியது போல மின்னும். அதைப் பார்த்துவிட்டால் மத்தியானம் சோற்றில் கை வைக்க முடியாது.

"கையக் களுவிட்டு வாம்மா" என்று எத்தனையோ தடவை சொன்னேன்.

"களுவிட்டுத்தான் வந்தேன் சார், போக மாட்டேங்கு" என்பாள், சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பு எனக்குப் பொறுக்கவில்லை.

ஒருநாள் அவள் சாப்பிடப் போனதும், அவள் லாகின் கணக்கை மூடாமல் விட்டுப்போன அந்தக் கம்ப்யூட்டரில் நான் உட்கார்ந்தேன். பல்கலைக்கழக மதிப்பெண் தளத்தின் பாஸ்வேர்டு எனக்குத் தெரியும். தேர்வு அலுவலகக் கம்ப்யூட்டரைப் பழுது பார்ப்பவன் நான்தானே. அவள் மதிப்பெண்ணைக் குறைக்கவில்லை, சார். கூட்டித்தான் போட்டேன். நுழைந்தது அவள் பேரில் பதிவானது. கைரேகைக்குப் பயந்து கையுறை போட்டேன் என்று நீங்கள் எழுதியிருப்பது தவறு. அந்தப் பொடி என்மேல் ஒட்டக் கூடாது, அவ்வளவுதான்.

பிறகு எல்லாம் சட்டப்படி நடந்தது. தளத்துக்குள் அத்துமீறி நுழைந்ததாக அவள்மேல் வழக்கு, கைது, ஜாமீன். பல்கலைக்கழகம் பட்டத்தை நிறுத்தியது. சென்னை வேலையும் போனது. அவள் அம்மா முத்துமாரியம்மாள் என்னைத் தேடி வந்து அழுதாள். "நீங்களாச்சும் ஒரு வார்த்த சொல்லுங்க சார், அவ அப்படியாப்பட்ட பிள்ள இல்லன்னு."

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்றேன். அவள் போனபின் நாற்காலியைத் துடைத்தேன்.

அருணாதேவி தினமும் பட்டாசு வேலைக்குப் போக ஆரம்பித்தாள். போன மாதம் அவள் வேலை செய்துகொண்டிருந்த அறை வெடித்தது. அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை. வெடிமருந்து கலந்தது நானல்ல.

இப்போது லேப் கேமராவின் பழைய பதிவில் என்னைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். மூன்று வருடம் வரை உள்ளே போக வேண்டியிருக்கும் என்கிறீர்கள். ஆமாம், நான்தான் செய்தேன். கையெழுத்துப் போடுகிறேன். பேனாவை மட்டும் துடைத்துக் கொடுங்கள்.

எனக்கும் மனசு இருக்கிறது, சார். ஆஸ்பத்திரிக்குப் போய் அவளைப் பார்த்தேன். இரண்டு கையிலும் முழங்கை வரை வெள்ளைக் கட்டு. பக்கத்திலேயே உட்கார்ந்து ஆரஞ்சு உரித்து ஊட்டினேன். அவள் கை அவ்வளவு சுத்தமாக இருந்து நான் பார்த்ததே இல்லை.