சும்மா நின்ற தொண்ணூற்றிரண்டு போல்ட்டுகள்

ஏணி பிடிக்கத் தெரிந்தவர்கள் இப்போதெல்லாம் குறைவு, ஐயா. ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையில் போனைப் பார்ப்பார்கள். மேலே நிற்கிறவனுக்கு உயிர் போய் உயிர் வரும். என் மனைவியின் தம்பி அப்படியில்லை. இரண்டு கையாலும் பிடிப்பான், அடியில் ஒரு காலை முட்டுக் கொடுப்பான். அவனைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கிடங்கில் பதினோரு வருடமாக இணைப்புகளைச் சோதிப்பது என் வேலை. உத்திரம் தூணோடு சேரும் இடத்தில் தகடு வைத்துப் போல்ட் போட்டிருப்பார்கள். மேலே பாரம் ஏறினால் உத்திரம் கீழே போகப் பார்க்கும், தூண் விடாது. நடுவில் மாட்டிக்கொண்ட போல்ட்டை இரண்டும் சேர்ந்து கத்தரிக்கோல் மாதிரி வெட்டப் பார்க்கும். அதற்கு வெட்டு விசை என்று பெயர். போல்ட் எவ்வளவு வெட்டைத் தாங்கும் என்று நான் கணக்குப் போடுவேன். பதினோரு வருடத்தில் ஒன்றுகூட அறுபடவில்லை. அதற்கு அங்கே எனக்குக் கிடைத்த பட்டம், வெட்டி ஆபீசர்.

பட்டம் வைத்தவன் மச்சினன்தான். மேல்தளத்தில் கோப்பு எடுத்துக் கொடுக்கும் வேலை அவனுக்கு. நான்தான் சிபாரிசு பண்ணிச் சேர்த்துவிட்டேன். "வெட்டு விசைன்னா யாருக்கு மாமா புரியுது? வெட்டின்னா பட்டுனு புரியுது பாருங்க" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். கூடச் சேர்ந்து சிரித்தால் மரியாதை கொஞ்சமாவது மிஞ்சும்.

பிறகு ஒரு நாள் மேனேஜர் கூப்பிட்டார். "தப்பா நினைக்காதீங்க சார். எதுவும் உடையவே மாட்டேங்குது. அப்புறம் செக் பண்ண ஒரு ஆள் எதுக்கு? அஞ்சு மாசம் டைம் தர்றேன்" என்றார். எனக்குக் கோபம் வந்தது என்று எழுதிக்கொள்ளாதீர்கள். வருத்தம்தான்.

அன்று மதியம் மேல்தளத்துக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்த்தேன். இருபத்துமூன்று இணைப்புகள், ஒவ்வொன்றிலும் ஆறு போல்ட். என் கணக்குப்படி இரண்டு போதும். அதாவது இரண்டு பேர் உழைக்கிறார்கள், நாலு பேர் வேடிக்கை பார்க்கிறார்கள். அந்த நாலு பேருக்கு யாரும் நோட்டீஸ் கொடுக்கவில்லை. வேண்டாததை எடுத்துவிட்டால் அந்தத் தளமே என் கணக்கின் மேல்தான் நிற்கும். அப்புறம் யார் என்னை வெட்டி என்பார்கள்? நீங்களே சொல்லுங்கள், இதில் என்ன தப்பு?

ஒரு நாளைக்கு ஒன்று என்று கழற்றினேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில், எல்லோர் கண் முன்னாலும், மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு. மச்சினன் பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டு வந்து ஏணியைப் பிடிப்பான். "என்ன மாமா, போற நேரத்துல இவ்வளவு அக்கறை? எல்லாத்தையும் இறுக்கிட்டுப் போறீங்களா?" என்று கேட்டான். "ஆமா மாப்ளே" என்றேன். இந்த விவகாரத்தில் நான் சொன்ன ஒரே பொய் அதுதான்.

உங்கள் நிபுணர் ஒற்றைத் தகடு என்று ஏதோ சொன்னாராம். வரைபடத்தில் உத்திரத்தின் இரண்டு பக்கமும் தகடு இருக்கிறது. அப்படி இருந்தால் ஒரு போல்ட் அறுபட இரண்டு இடத்தில் வெட்டுப்பட வேண்டும், பலம் இரட்டிப்பு. கட்டியவர்கள் ஒரு பக்கம்தான் தகடு வைத்திருந்தார்கள், அதனால் பலம் பாதி. உண்மைதான், தொண்ணூற்றிரண்டு நாளும் அந்த ஒற்றைத் தகடு என் மூக்குக்கு நேரேதான் இருந்தது. ஆனால் வரைபடத்தில் இரண்டு இருந்து அங்கே ஒன்று இருந்தால் தப்பு அங்கேதான் இருக்கிறது. அதற்காக என் கணக்கை நான் ஏன் மாற்ற வேண்டும்?

அஞ்சு மாசம் முடிந்து எனக்குக் கடைசி நாள் வந்தது. மச்சினன் எனக்குச் சொல்லாமல் மேல்தளத்தில் வழியனுப்பு விழா ஏற்பாடு செய்திருந்தான். இருபது மேசைக்கான தளம் அது. எனக்கென்று மிஞ்சிப்போனால் ஐந்து பேர் வருவார்கள் என்று நினைத்தேன். லோடு ஏற்றுகிறவர்கள், டிரைவர்கள், காவலாளி என்று எண்பது பேர் வந்து நின்றார்கள். என் மேல் இவ்வளவு பேருக்குப் பிரியம் இருக்கும் என்று நான் எந்தக் கணக்கிலும் போடவில்லை, ஐயா. கண் கலங்கிவிட்டது.

மச்சினன் கைப்பிடிக் கம்பியில் குனிந்து, "மேல வாங்க மாமா, எல்லாரும் உங்களுக்காகத்தான் நிக்கிறோம்" என்றான்.

"மூட்டு வலிக்குது மாப்ளே. நீங்க ஆரம்பிங்க" என்றேன்.

கை தட்டினார்கள். நடுவில் சொடக்குப் போட்ட மாதிரி ஒரு சத்தம் கேட்டது. பிறகு எதையும் எண்ண நேரமில்லை.

அன்றே ஆறு பேர் போய்விட்டார்கள். ஏழாவது என் மச்சினன், மறுநாள் காலையில். ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லவேளை, நீங்க மேல வரல மாமா" என்றான். அவனுக்காக நான் அழுத அழுகை என் மனைவிக்குத் தெரியும். மூட்டு வலி நிஜமா என்று நேற்றுக் கேட்டீர்கள். அன்றைக்கு லேசாக இருந்தது.

கழற்றிய போல்ட்டுகளை நான் வீசவில்லை, விற்கவுமில்லை. எங்கள் வீட்டுப் பால்கனி இரும்புச் சட்டத்தில் நிற்பது; என் மகள் அங்கே உட்கார்ந்துதான் படிப்பாள். கணக்குப்படி எட்டு போல்ட் போதும், எட்டு இருந்தது. தினமும் வேலை விட்டு வந்து ஒவ்வொன்றாக மாட்டி, நூறு ஆக்கினேன். துளை போட இடமில்லாமல் புதுத் தகடு வாங்கி, இரண்டு பக்கமும் வைத்தேன். "எதுக்குப்பா இத்தனை?" என்று மகள்கூடக் கேட்டாள். சொந்த வீட்டில் போய் யாராவது கணக்குப் பார்ப்பார்களா, ஐயா?