ஏலக்கூடத்தில் நான் சொன்ன அறுபத்துமூன்று சதவீதம்

என் பெயர் ராசாத்தி, வயது 46, கணவர் பெயர் ஆரோக்கியதாஸ். ஜெகதாப்பட்டினத்தில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்தெருவில் குடியிருக்கிறேன். மூன்றாம் வகுப்பு வரை படித்தேன், அதற்கு மேல் பள்ளிக்கூடம் என்னைத் தாங்கவில்லை. இறால் தரம் பிரிக்கும் வேலை பார்க்கிறேன். இந்தக் காவல் நிலையத்தில் உட்காரச் சொன்னார்கள், முடியாததால் நின்றபடியே சொல்கிறேன்.

செல்போன் கடை வைத்திருக்கும் இக்பாலையும் அவர் மனைவி ஷிஃபாவையும் எனக்குப் பத்து வருடமாகத் தெரியும். இக்பால் ஒரு இணையதளம் நடத்துகிறார். அன்றைய மீன் விலை, காற்று நிலவரம், அனுமதி டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போன விசைப்படகுகளின் எண்கள் ஆகியவற்றை அதில் போடுவார். வீட்டுப் பெண்களும் வளைகுடாவில் இருக்கும் ஊர்க்காரர்களும் பார்ப்பார்கள்.

சென்ற வெள்ளிக்கிழமை காலை ஐஸ் பிளாண்ட் நடத்தும் ஆனந்தராஜ் ஏலக்கூடத்தில் தன் போனைக் காட்டினார். எந்த இணையதளத்தின் பெயரைப் போட்டாலும் எத்தனை பேர், எந்த நாட்டிலிருந்து பார்க்கிறார்கள் என்று வெளியிலிருந்தே சொல்லும் வேறொரு தளம் அது. இக்பாலின் தளத்துக்கு மாதம் பன்னிரண்டாயிரம் பேர் வருவதாகவும் அதில் இலங்கை அறுபத்துமூன்று சதவீதம் என்றும் அவர் படித்தார். நான் உடனே எல்லோருக்கும் கேட்கும்படி, "என்ன இக்பாலு, அறுபத்துமூணு பெர்சன்ட்டாமே, அக்கரையில பொண்ணு பாத்து வச்சிருக்கியா? ஷிஃபாவுக்குத் தெரியுமா?" என்றேன். கூடமே சிரித்தது. இக்பாலும் சிரித்து, "நம்ம ஊரு வெலைய அங்கிட்டு யாருக்கா பாக்கப்போறா" என்றார்.

அதன் பிறகு சனிக்கிழமை கடலுக்குப் போன இரண்டு விசைப்படகுகள் எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டு அக்கரைக்குக் கொண்டுபோகப்பட்டன. ஒன்றில் என் கணவர் இருந்தார். சர்க்கரை மாத்திரையை எடுத்துக்கொண்டு போனாரா என்று டப்பாவை மூன்று முறை திறந்து பார்த்தேன். எடுத்துப் போகவில்லை.

அதன் பிறகு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு இக்பால் கடை முன் கூட்டம் கூடியது. "படகு நம்பரப் போட்டுக் காட்டிக்குடுத்துட்டான். அறுபத்துமூணு பெர்சன்ட்டாம், ராசாத்தியே சொன்னா. அவ புருசனையே தூக்கிட்டாங்க பாரு" என்று ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. கம்ப்யூட்டரைத் தெருவில் போட்டு உடைத்தார்கள். இக்பாலுக்கு நெற்றியில் அடி பட்டது. போலீசார் வந்து அவரை விசாரணைக்கு அழைத்துப் போனார்கள்.

அதன் பிறகு வீட்டுக்குப் போய், இருக்க முடியாமல் ஏலக்கூடத்துக்குப் போய், அங்கும் கை ஓடாமல் இக்பால் வீட்டுக்குப் போனேன். ஷிஃபா, "இன்னும் என்ன கேலி மிச்சமிருக்குக்கா?" என்று கேட்டார். பின்பு தன் போனில் அவர்கள் தளத்தின் சொந்தப் பதிவைக் காட்டினார். மாதம் முந்நூற்று நாற்பது பேர்தான். நம் ஊர்ப்பக்கமும் கத்தாரும் இருந்தன. இலங்கை இல்லை. "ஒங்க வீட்டுக் கணக்க நீயே காட்டுனா எவன் நம்புவான், ஆத்தா" என்றேன்.

அதன் பிறகு ஷிஃபாவை அழைத்துக்கொண்டு ஆனந்தராஜிடம் போனேன். அவருடைய ஐஸ் பிளாண்டுக்கும் ஒரு தளம் இருந்தது. போன மழைக்கு முன்பே அதை நிறுத்திவிட்டார், திறந்தால் ஒன்றும் வராது. அந்தப் பெயரை அவர் போனிலேயே அதே கணக்குத் தளத்தில் போடச் சொன்னேன். மாதம் ஒன்பதாயிரம் பேர், இலங்கை ஐம்பத்தெட்டு சதவீதம் என்று வந்தது. "என்ன தம்பி, நீயும் அக்கரைக்கு ஐஸ் அனுப்புறியா?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. கீழே சிறிய எழுத்தில் இருந்ததை ஷிஃபா படித்தார். இவர்கள் யாரையும் நேரில் எண்ணுவதில்லை, தங்களுக்குத் தெரிந்த சில பேரின் போனை வைத்து மற்றவர்களை மதிப்பிடுகிறார்கள், ஆள் குறைவாக வரும் தளங்களுக்கு அது பொருந்தாது என்று இருந்தது.

அது எனக்கு விளங்கியது. நாங்களும் ஒரு கிலோ இறாலை அள்ளி எண்ணித்தான் முழுக் குவியலுக்கும் கிலோவுக்கு இத்தனை என்று கவுண்ட் சொல்கிறோம். கையில் ஒரே ஒரு இறாலை வைத்துக்கொண்டு யாரும் கவுண்ட் சொல்ல மாட்டோம். அப்படி ஒரு கவுண்ட்டைத்தான் நான் கூடம் முழுக்கக் கூவினேன்.

அதன் பிறகு இந்த நிலையத்தின் வாசல் வரை இரண்டு முறை வந்து திரும்பினேன். பிடிபட்டவர்களின் குடும்பத்தார் வாசலில் நிற்கிறார்கள். மூன்றாம் முறை உள்ளே வந்தேன். "ஒங்க வீட்டுக்காரரே அங்க மாட்டியிருக்காரு, இவருக்காக நீங்க ஏம்மா அலையிறீங்க?" என்று அதிகாரி கேட்டார். "அவரு மாட்டுனதுக்கு நான் ஒண்ணும் செய்ய முடியாதுங்கய்யா. இவரு மாட்டுனது என் வாயால" என்றேன்.

கடையை உடைத்தவர்களின் பெயரைக் கேட்டால் தனியாகச் சொல்கிறேன். முதலில் என் பெயரை எழுத வேண்டும். இக்பாலை வெளியே அனுப்பும் முன், இந்த வாக்குமூலத்தை வாசலில் நிற்பவர்களுக்குச் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். படிக்கும்போது அவர் பக்கத்தில் நான் நிற்பேன்.

இதில் உள்ளது அத்தனையும் நான் சொன்னது, நடந்தது. என்னை யாரும் மிரட்டவோ சொல்லிக்கொடுக்கவோ இல்லை. படித்துக் காட்டக் கேட்டேன், சரியாக இருக்கிறது.

(ஒப்பம்) ஆ. ராசாத்தி